சீட்டில் இல்லாத மூன்று கிலோ



இன்று 2020 ஜூன் 20, சனிக்கிழமை. சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் நேற்று முதல் மீண்டும் முழு ஊரடங்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இம்மாதம் 30-ஆம் தேதிவரை இது நீடிக்கும். மளிகைக் கடைகளும் காய்கறிக் கடைகளும் காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை திறந்திருக்கும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள கடைக்கே போகலாம். நாளை ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கடைகளும் திறக்கப்படமாட்டா. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்து இதை வாசிக்கிறவர்கள் எங்களுக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தமிழகத்தில் இந்நோய்த் தொற்றுக்கு உள்ளானவர்களின் எண்ணிக்கை இந்த வாரம் 50,000-ஐத் தாண்டியது. அவர்களில் பெரும்பகுதியினர் எங்கள் நகரத்தார்.

இந்த வாரத்திற்கென்று வேறொரு தியானத்தை எழுதி வைத்திருந்தேன். அதை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சமையலறையின் மேல்தட்டில் இருந்த ஒரு தகர டப்பாவே இதற்குக் காரணம். அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லுவதற்கு முன்பு, கடந்த மூன்று மாதங்களைச் சற்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 22-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் சுய ஊரடங்கு. அன்று எங்கள் ஆராதனைக் கட்டடத்தின் கதவு திறக்கப்படவில்லை. ஒரு நாள் மட்டும்தான் என்று எண்ணியிருந்தோம். 24-ஆம் தேதி மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று இரவே 21 நாள் தேசிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டு முன்னறையில், அடுக்கி வைத்த புத்தகங்களின் மேல் கைபேசியைச் சாய்த்து நிறுத்தி, அதன் முகத்தைப் பார்த்துப் பிரசங்கம் செய்தேன். மத்தேயு ஆறாம் அதிகாரம்தான் பகுதி. விதைக்காமலும் அறுக்காமலும் களஞ்சியத்தில் சேர்க்காமலும் இருக்கிற பறவைகளைப் பிதாவானவர் போஷிக்கிறார் என்பதையும், நாளைய தினத்தைக் குறித்து நாம் கவலைப்படத் தேவையில்லை என்பதையும் நாற்பது நிமிடங்கள் விளக்கினேன். அந்தச் செய்தி தங்களுக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது என்று பலர் எழுதியிருந்தார்கள்.

ஆறுதல் சொன்னவனுடைய வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பால் பாக்கெட்டுகளைச் சோப்பு நீரில் கழுவிய பின்பே உள்ளே எடுத்துக்கொண்டோம். செய்தித்தாளை நிறுத்திவிட்டோம். கடையில் வாங்கிய சில்லறைக் காசுகள் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். கத்தரிக்காயும் தக்காளியும் மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் குளித்துவிட்டு மொட்டைமாடி வெயிலில் காயும். கடைக்குப் போய் வந்தவர் செருப்பை வாசலிலேயே விட்டு, எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போக வேண்டும். மாலைதோறும் கபசுரக் குடிநீர். இவற்றில் பல தேவையானவையே. எச்சரிக்கையாக இருப்பது அவிசுவாசம் ஆகாது. எச்சரிக்கையோடுகூட வேறொன்றும் வீட்டுக்குள் வந்து குடியேறியதை நான் கவனிக்கவில்லை. மேல்தட்டில் எத்தனை டப்பாக்கள் நிறைந்திருக்கின்றன என்று இரவில் விளக்கணைக்கும் முன் ஒரு பார்வை பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எண்ணி முடித்த பின்புதான் குடும்ப ஜெபம்.

ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை ஓர் அறிவிப்பு வந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26-ஆம் தேதி காலை முதல் 29-ஆம் தேதி இரவு வரை முழு ஊரடங்கு. நான்கு நாட்களுக்கு மளிகைக் கடைகள் இல்லை. காய்கறி மட்டும் வண்டிகளில் வரும். மறுநாள் சனிக்கிழமை நகரமே தெருவுக்கு வந்துவிட்டது. வழக்கமாக ஒரு மணிக்கு மூட வேண்டிய கடைகளுக்கு அன்று மட்டும் மூன்று மணி வரை அனுமதி நீட்டிக்கப்பட்டது. ஒரு மாதமாக நாம் காத்து வந்த இடைவெளியெல்லாம் அந்த ஒரு நாளில் காணாமல் போயிற்று.

எங்கள் தெருமுனையில் அண்ணாச்சி கடை இருக்கிறது. கடைக்கு முன்னால் சாலையில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தார்கள். அன்று அந்த வட்டங்களுக்குள் ஒருவரும் நிற்கவில்லை. வாசலில் குறுக்கே கயிறு கட்டி, கடைப்பையன் சீட்டுகளை வாங்கி உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தான். என் சட்டைப் பையில் என் மனைவி எழுதித் தந்த சீட்டு இருந்தது. துவரம்பருப்பு ஒரு கிலோ, ரவை அரைக் கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், புளி, சீரகம், தீப்பெட்டி. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு நான்கு நாட்களுக்கு அதுவே அதிகம்.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றேன். நிற்க நிற்க, முன்னே போகிறவர்களின் பைகளையே என் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவர் பத்து கிலோ எடுத்துக்கொண்டு போனார். இன்னொருவர் இரண்டு கைகளிலும் எண்ணெய் டப்பாக்களோடு போனார். கூட்டத்தில் நிற்கும்போது நம் தேவையின் அளவை நாம் அறியாமலேயே மற்றவர்கள் நிர்ணயித்துவிடுகிறார்கள். என் முறை வந்தபோது, "பருப்பு ஆளுக்கு ஒரு கிலோதான்" என்று கடைப்பையன் சொன்னான். உள்ளே இருந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "பாஸ்டர் ஐயாவா? ஐயாவுக்குக் கேக்கறதக் குடுப்பா" என்றார்.

பிரியமானவர்களே, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, "ஒரு கிலோ போதும் அண்ணாச்சி" என்பது. நான் சொன்னது, "நாலு கிலோ." ரவையும் மூன்று கிலோ ஆயிற்று. ஊழியக்காரன் என்பதற்காக ஒருவர் காட்டிய மரியாதையை மூன்று கிலோ பருப்பாக மாற்றிக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி நின்றிருந்தார். எங்கள் பகுதியிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறவர். எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர்; ஆனாலும் நான் யாரென்று அவருக்குத் தெரியும், தெருவில் கண்டால் வணக்கம் சொல்லுவார். "அண்ணாச்சி, அரைக் கிலோ துவரம்பருப்பு" என்றார். அண்ணாச்சி குனிந்து மூட்டையைப் பார்த்தார். "முடிஞ்சு போச்சும்மா. இனிமே முப்பதாந்தேதிதான்." பாசிப்பருப்பு இருக்கிறதா என்று அவர் கேட்டார். அதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பொட்டுக்கடலை நூறு கிராம் வாங்கிக்கொண்டார்.

நான் ஓர் அடி தூரத்தில் நின்று மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன். என் பையில் நான்கு கிலோ இருந்தது. எல்லாம் என் காதில் விழுந்தது. ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுவதற்கு ஒரு வினாடி போதும். அந்த ஒரு வினாடியில் என் மனம் எவ்வளவு விரைவாக வேலை செய்தது என்று நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. என் கைபட்ட பொருளைக் கொடுத்து அவருக்கு நோய் வந்துவிட்டால்? நாலு பேர் முன்னிலையில் கொடுத்தால் அவருக்கு அவமானமாக இருக்காதா? எல்லாவற்றிலும் பக்தியான சாக்கு கடைசியாக வந்தது: இந்த நாட்களில் சபையார் யாருக்காவது தேவைப்படும், அதற்காகத்தானே வாங்கியிருக்கிறேன். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு வீடு திரும்பினேன்.

"சீட்டுல ஒரு கிலோன்னுதானே எழுதியிருந்தேன்?" என்று என் மனைவி கேட்டார். சபையில் தேவையுள்ளவர்களுக்கு என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிலோவைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, மீதியைத் தகர டப்பாவில் கொட்டி மேல்தட்டில் வைத்தார். அதன் பக்கத்தில் ரவை டப்பா.

ஏழு வாரங்கள் கடந்தன. சபையில் தேவைகள் வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் எங்களால் இயன்ற பணத்தை அனுப்பினோம். அந்த டப்பாவை ஒருமுறைகூட இறக்கவில்லை. அது அங்கே இருக்கிறது என்ற நினைவே எனக்குத் தேவையாயிருந்தது.

இந்தத் திங்கட்கிழமை, ஜூன் 15, மறுபடியும் முழு ஊரடங்கு வருகிறது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டேன். புதிதாக வாங்கப்போவதை வைக்க இடம் வேண்டும் என்று என் மனைவி மேல்தட்டிலிருந்து பழைய டப்பாக்களை இறக்கினார். மூடியைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார். பருப்பு முழுவதும் வண்டு. டப்பாவின் ஓரங்களில் அவை ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ரவையோ கட்டிகட்டியாக, நூல்நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டியை உடைத்தபோது உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த அதிகாரத்தின் வாசனையை முதல் தடவையாக என் சமையலறையில் முகர்ந்தேன்.

உங்களுக்குத் தெரிந்த சம்பவந்தான். எகிப்தை விட்டு வெளியேறி ஒரு மாதமான பின், சீன் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் பசியினால் முறுமுறுக்கிறார்கள். கர்த்தர் மன்னாவைத் தருகிறார். தலைக்கு ஓர் ஓமர், அதாவது இன்றைய அளவில் ஏறத்தாழ இரண்டு லிட்டர். அவனவன் தன் கூடாரத்திலுள்ளவர்களின் எண்ணிக்கைப்படி சேர்க்க வேண்டும். மறுநாள் காலைவரை மீதி வைக்கக்கூடாது. சிலர் கேட்கவில்லை. காலையில் பார்த்தபோது வைத்ததெல்லாம் புழுத்துப்போயிருந்தது. மோசே அவர்கள்மேல் கோபங்கொண்டான்.

இதை மட்டும் வாசித்துவிட்டு, எதையும் சேர்த்து வைப்பதே பாவம் என்று சிலர் போதிக்கிறார்கள். அதே அதிகாரத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கும்படி கர்த்தர்தாமே கட்டளையிடுகிறார், மறுநாள் ஓய்வுநாள் என்பதனால். அன்று எடுத்து வைத்ததில் புழு இல்லை, நாற்றமும் இல்லை. அதிகாரத்தின் இறுதியில் இன்னும் ஒரு மன்னா இருக்கிறது. வரப்போகிற தலைமுறைகள் காணும்படியாக ஓர் ஓமர் நிறைய மன்னாவை ஒரு கலசத்தில் எடுத்துக் கர்த்தருடைய சந்நிதியில் வைக்கச் சொன்னார். அது கெடாமல் பாதுகாக்கப்பட்டது.

கவனித்தீர்களா? மூன்றும் ஒரே மன்னா. ஒரே வானத்திலிருந்து வந்தது, ஒரே தரையிலிருந்து பொறுக்கப்பட்டது. ஒன்று ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. இன்னொன்று இரண்டு நாள் நின்றது. மற்றொன்று தலைமுறைகளுக்கு நின்றது. தானியத்தில் வேறுபாடு இல்லை. எதற்காக வைத்தார்கள் என்பதிலேயே வேறுபாடு இருந்தது. கர்த்தருடைய வார்த்தையை நம்பிக் கீழ்ப்படிந்து வைத்தது நின்றது. நாளைக்கு அவர் தருவாரோ மாட்டாரோ என்ற பயத்தில் ஒளித்து வைத்தது கெட்டுப்போயிற்று.

ஆகவே, வீட்டில் ஒரு மாதத்துக்கு அரிசி வைத்திருக்கும் சகோதரியே, இதை வாசித்து உங்கள் மனச்சாட்சி வருத்தப்பட வேண்டாம். நோய்க்காலத்தில் அடிக்கடி கடைக்குப் போகாமலிருப்பது நல்லது. எகிப்தில் யோசேப்பு ஏழு வருடம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான். பஞ்சம் வந்தபோது அவன் களஞ்சியங்களைத் திறந்தான். லூக்கா 12-இல் நம் ஆண்டவர் சொன்ன உவமையின் ஐசுவரியவானும் களஞ்சியம் கட்டத்தான் திட்டமிட்டான். அவன் தன் ஆத்துமாவோடு மட்டுமே பேசிக்கொண்டான். அவனுடைய கணக்கில் வேறொருவருடைய வாய் இல்லை. நம் மேல்தட்டு இவ்விரண்டில் எதைப்போல் இருக்கிறது என்பதை ஒரு கேள்வியால் அறிந்துகொள்ளலாம்: பக்கத்தில் ஒருவர் பசியாயிருக்கிறார் என்று தெரிந்தால் இந்த டப்பா திறக்குமா? என்னுடையது திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். என் மனைவி பருப்பை முறத்தில் கொட்டி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். வெயிலில் வண்டுகள் ஓடின. புடைத்துப் பார்த்தபோது பருப்பில் பாதிக்கு மேல் தேறும் போலிருந்தது. ஏப்ரல் மாதம் கடையில் நடந்ததை அப்போதுதான் அவரிடம் முழுமையாகச் சொன்னேன். சொல்லிவிட்டு, "இதைச் சுத்தம் செய்து அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம், நல்ல பருப்புதானே" என்றேன். என் மனைவி முறத்தைக் கீழே வைத்தார். "இத நாம சாப்பிடுவோம். அவங்களுக்குப் புதுசா வாங்கிட்டுப் போங்க" என்றார்.

மல்கியாவின் புத்தகத்தில், கண் தெரியாததையும் கால் ஊனமானதையும் பலியாகக் கொண்டுவந்த ஆசாரியர்களைக் கர்த்தர் கடிந்துகொள்ளுகிறார். மனந்திரும்புவதிலும் நமக்குச் செலவில்லாத வழியைத்தான் முதலில் தேடுகிறோம்.

புதன்கிழமை காலையில் இரண்டு கிலோ புதுப் பருப்போடும் அரிசியோடும் எண்ணெயோடும் அந்தச் சகோதரியின் வீட்டைத் தேடிப் போனேன். ஒரு சந்துக்குள் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். வாசலுக்கு வெளியே நின்றே பேசினேன். மார்ச் இறுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் வேலையாட்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் வேலை செய்த மூன்று வீடுகளில் ஒரு வீட்டார் மட்டும் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்தார்கள். கணவர் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குகிறவர். மே மாதத் தொடக்கத்தில் அந்தச் சந்தை மூடப்பட்டு, வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது அவருக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. ஏப்ரலில் அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் பருப்பும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை, குடும்ப அட்டை விழுப்புரம் பக்கத்திலுள்ள சொந்த ஊர் முகவரியில் இருக்கிறது. இந்தத் தெருவில் பத்து வருடமாகக் குடியிருக்கிறேன். இவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "அன்று கடையில் உங்களுக்குப் பருப்பு இல்லாமல் போனது நினைவிருக்கிறதா அம்மா? என் பையில் நான்கு கிலோ இருந்தது."

அவர் உடனே சொன்னார். "ஞாபகம் இருக்குது ஐயா. உங்க பையில இருந்ததும் தெரியும். நான் கேட்டது உங்க காதுல விழலன்னு நெனச்சேன். விழுந்திருந்தா குடுத்திருப்பீங்களே."

பிரியமானவர்களே, அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். இரண்டு மாதங்களாக அவர் என்னைப் பற்றி நல்லெண்ணம் வைத்திருந்தார். அந்த நல்லெண்ணத்தை நானே என் வாயினால் உடைக்க வேண்டியிருந்தது. ஆம் என்று தலையசைத்துவிட்டுப் பையை வைத்துவிட்டு வந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கர்த்தர் என்னை அதற்கு விடவில்லை.

"காதில் விழுந்தது அம்மா. கேட்டும் கொடுக்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன்.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அன்னிக்கு யாருக்குத்தான் பயமில்ல ஐயா" என்றார். எதிர் வீட்டுப் பெண் அன்று மாலை அரை டம்ளர் பருப்பு கொடுத்தாராம். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று அந்த நான்கு நாட்களும் இரண்டு வீட்டாரும் ஒரே அடுப்பில் சமைத்தார்களாம். இதைச் சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு டம்ளரும் பாத்திரமும் கொண்டுவந்தார். நான் கொண்டுபோன பருப்பை டம்ளரால் அளந்து சரிபாதியைப் பாத்திரத்தில் போட்டு, எதிர் வாசலில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தலையைக் கணக்குப் பார்த்து ஓமரால் அளக்கிற காட்சியை வேதத்தில் வாசித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மன்னாவைப் பற்றிய அந்தப் பகுதியைப் பவுல் அப்போஸ்தலன் எங்கே பயன்படுத்துகிறான் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில், எருசலேமிலுள்ள ஏழைப் பரிசுத்தவான்களுக்காகக் காணிக்கை சேர்க்கும்படி கொரிந்து சபையாருக்கு எழுதும்போது அதை எடுத்துக்காட்டுகிறான். வனாந்தரத்தில், அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவும் இல்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவும் இல்லை. அங்கே அந்தச் சமநிலையைக் கர்த்தர் அற்புதமாக உண்டாக்கினார். சபையிலோ, ஒருவருடைய நிறைவு இன்னொருவருடைய குறைவை நிரப்புவதன் மூலமாக அதை உண்டாக்குகிறார். அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கொடிய தரித்திரத்தின் நடுவிலும் தாராளமாய்க் கொடுத்த மக்கெதோனியா சபைகளைப் பவுல் முன்மாதிரியாக நிறுத்துகிறான். கொடுப்பதற்கு வேண்டியது மிகுதியான கையிருப்பு என்று நாம் எண்ணுகிறோம். மக்கெதோனியரும் எதிர் வீட்டுப் பெண்ணும் அப்படி எண்ணவில்லை.

இதையெல்லாம் கேட்டு, உடனே பெரிய திட்டங்களைத் தீட்ட வேண்டாம். நிவாரணப் பைகளைக் கொடுத்து, வாங்குகிறவருடைய முகம் தெரியும்படி புகைப்படம் எடுத்து அனுப்புகிற வழக்கமும் நமக்குள் வேண்டாம். எங்கள் சபைக் குடும்பங்களிடம் இந்த வாரம் ஒரு சிறு காரியத்தைக் கேட்டிருக்கிறேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன். மளிகைச் சீட்டை எழுத உட்காருவதற்கு முன்பு, ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள். சபையாராக இருக்கலாம், உங்கள் தெருக்காரராக இருக்கலாம், உங்கள் வீட்டில் வேலை செய்து, இப்போது வரவேண்டாம் என்று நிறுத்தி வைக்கப்பட்டவராக இருக்கலாம். "ஏதாவது தேவையா" என்று பொதுவாகக் கேட்டால், மானமுள்ளவர்கள் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்லுவார்கள். "இன்றைக்கு என்ன சமையல்?" என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் இருக்கிற அந்தச் சிறு இடைவெளியைக் கவனியுங்கள். பிறகு இரண்டு சீட்டு எழுதுங்கள். ஒரே நடையில் இரண்டு வீட்டுக்கும் வாங்கி வந்துவிடலாம்; கடையில் ஒருவருடைய கூட்டமும் குறையும். அவர்களுடைய சீட்டுக்கு வாங்குவது உங்களுக்கு வாங்கும் அதே பருப்பாக இருக்கட்டும். நிறுத்தி வைத்த சம்பளத்தைக் கொடுக்க உங்களால் இயலுமானால், அதைத் தானமாக எண்ணாமல் கடனாக எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.

கர்த்தருடைய ஜெபத்தில் ஆகாரத்துக்காக நாம் செய்யும் விண்ணப்பத்தை இந்த வாரம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அதில் "எனக்கு" என்று ஒருமையில் கேட்பதில்லை, "எங்களுக்கு" என்றே கேட்கிறோம். அதுவும் இன்றைக்கு வேண்டியதை மட்டுமே. இத்தனை வருடம் அந்த ஜெபத்தைச் சொல்லி வந்தேன். அந்த "எங்களுக்கு" என்ற வார்த்தைக்குள் எங்கள் வீட்டைத் தவிர வேறு யாரையும் நான் வைத்திருக்கவில்லை என்பதை ஒரு தகர டப்பா காட்டிக்கொடுத்தது.

என் பயம் முற்றிலும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். நேற்று இரவும் விளக்கணைக்கும்போது கண்கள் மேல்தட்டுக்குப் போயின. தகர டப்பாவைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். புடைத்தெடுத்த பருப்பில் நேற்று சாம்பார் வைத்தோம். ரவையைத் தூர எறிந்துவிட்டோம்.

நாளை கடைகள் இல்லை. இன்று ஆறாம் நாளைப் போல, எல்லாரும் இரண்டு நாளைக்கு வேண்டியதைச் சேர்க்க வேண்டிய நாள். இதை முடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போக வேண்டும், மணி பன்னிரண்டாகிறது. சட்டைப் பையில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. ஒன்று என் மனைவியின் எழுத்து. மற்றொன்றைத் தொலைபேசியில் கேட்டு நான் எழுதினேன். ஊரடங்குக்கு முன்பே சொந்த ஊருக்குப் போய்விடலாம் என்றிருந்து, அனுமதிச் சீட்டு கிடைக்காமல் இங்கேயே தங்கிவிட்ட ஒரு முதியவர்களுடைய வீடு அது. கோதுமை மாவு ஒரு கிலோ, பனங்கற்கண்டு நூறு கிராம், ஒரு பிஸ்கட் பாக்கெட். அவ்வளவுதான் சொன்னார்கள். அதற்கு மேல் கேட்கவும் அவர்களுக்குத் தயக்கம்.

பரம பிதாவே, எங்கள் டப்பாக்களில் இருப்பதும் இல்லாததும் உமக்குத் தெரியும். பக்கத்தில் கேட்கிற குரல் எங்கள் காதில் விழும்போது கேளாதவர்களைப் போல நாங்கள் போய்விடாதபடி காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.